பதினொரு வாரத்துப் பல்

டாக்டர் திலகா, நம் பல் கிளினிக்கில் மருந்து குழைக்கும் கண்ணாடித் தட்டை என்னைவிடச் சுத்தமாகக் கழுவுகிறவர்கள் கிடையாது. ஆயர் குரோவில் பத்து வருடமாக உங்கள் பக்கத்தில் நிற்கிறேன், நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். "லியோனலுக்கு வெச்ச மருந்தைத் தண்ணியில மட்டும்தான் குழைச்சியா, பமேலா?" என்று நேற்று கேட்டீர்கள். கேட்டதால் எழுதுகிறேன்.

மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து, வேர் சிகிச்சை செய்து, கறுத்துப்போன முன்பல்லோடு லியோனல் வந்தார். வெளுக்கும் பொடியைத் தண்ணீரில் குழைத்துப் பல்லுக்குள் வைத்து அடைக்க வேண்டும், வாரம் ஒருமுறை மாற்ற வேண்டும், நாலு வாரத்தில் வெளுத்துவிடும் என்றீர்கள். நாலே வாரமா என்று எனக்கு மனசு கேட்கவில்லை. வாய் நிறையப் பஞ்சு இருக்கும்போதும் கதை பேசுகிற மனிதர் அவர். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்கள். தட்டு என் கையில்தானே இருந்தது. வேருக்கு வைக்கும் சுண்ணாம்புப் பொடியைக் குழைத்துக் கொடுத்தேன். இரண்டும் வெள்ளைதான். பாதுகாப்பு என்று பார்த்தால் அதைவிடப் பாதுகாப்பான வெளுப்பு மருந்து உலகத்திலேயே இல்லை. பதினொரு வாரம் வந்தார். பிடிவாதக்காரப் பல் என்று நீங்களும் தலையைச் சொறிந்தீர்கள்.

பல் வெளுக்காமல் கோட்டுப் போடமாட்டேன் என்று ஜெனட்டோடு கல்யாணத்தை இரண்டு முறை தள்ளிப்போட்டார். அதற்கு நானா பொறுப்பு?

ஜெனட்டுக்குப் பொறுமை தீர்ந்தது. கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்தார்கள். மூன்று ஞாயிறும் போய் உட்கார்ந்தேன். தடை ஏதும் தெரிந்தால் சொல்லுங்கள் என்றார் ஃபாதர். எனக்குத் தெரிந்த ஒரே தடையை நான்தான் வாராவாரம் குழைத்துக்கொண்டிருந்தேன். அதைச் சபையில் சொல்வது மரியாதையாக இருக்காது.

மூன்றாம் ஞாயிறுக்கு மறுநாள் லியோனல் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எப்படியாவது வெளுக்க வைங்கக்கா. நீங்க என் சொந்த அக்கா மாதிரி லா."

பதினொரு வாரத்துக்கும் சேர்த்து எனக்குக் கிடைத்தது அந்த ஒரு சொல். எரிந்தது.

பல்லின் வெளிப்பக்கம் பூசுகிற காட்டமான திரவம் அலமாரியின் மேல்தட்டில் இருந்தது. அதை உள்ளே வைத்தால் பல்லின் கழுத்து வழியாகக் கசிந்து வேரை அரிக்கலாம், வருடங்கள் கழித்துத்தான் தெரியும் என்று நீங்கள் சொல்லிக் கொடுத்தது நன்றாக நினைவிருந்தது. வெளுக்கும் பொடியை அதில்தான் குழைத்தேன். கல்யாணப் போட்டோவில் பல் பளிச்சென்று இருந்தது. என் கைராசி என்று எல்லாரிடமும் சொன்னார்.

மூன்று வருடம் ஆகிறது. போன சனிக்கிழமை உம்பாய் கடற்கரைச் சாப்பாட்டுக் கடையில் நண்டைக் கடிக்கும்போது பல் முறிந்து கையோடு வந்துவிட்டது. பக்கத்தில் ஜெனட் இருக்க, முதலில் எனக்குத்தான் போன் செய்தார். அதை நீங்கள் கவனிக்க வேண்டும்.

என்னை வேலையை விட்டு அனுப்பலாம், போலீசுக்கும் சொல்லலாம். அந்த வேரை அரிக்க வைத்தது நான்தான். ஒரே வேண்டுகோள். செயற்கைப் பல் வைக்க அவர் ஏழெட்டு மாதம் வந்து போக வேண்டும் என்றீர்கள். வியாழக்கிழமைகளில் போட்டிருக்கிறேன். அதுவரை குழைக்கிற வேலையை மட்டும் வேறு யாரிடமும் கொடுக்காதீர்கள். புதுப்பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு தெரியாது.