ஜோடி பிரிஞ்சா கரண்டு ஓடும்

...காப்பி கூட ஆறலங்க, எந்திரிச்சுப் போயிட்டாங்க. போன ஞாயித்துக்கெழம, எம்பொண்ணு எழில்மொழியப் பொண்ணு பாக்க வந்தவங்கதான். மாப்பிள்ளை பேரு வளவன், சென்னையில வேல. வந்து பேசுனது பூரா அவங்கம்மா. அவரு மிக்சரத்தான் பாத்தாரு... இந்தப் பக்கம் தள்ளிக்குங்க, பஸ்ஸு ஜன்னல்ல வெயில் அடிக்குது பாருங்க.

"திருவாரூர்ல என்னம்மா ஆராய்ச்சி"ன்னு அந்தம்மா கேட்டுச்சு. கெமிஸ்ட்ரின்னுட்டு இவ உள்ள போயிருப்பா. நாந்தான் பெரும தாங்காம, "வெளக்கமா சொல்லுடி"ன்னேன்.

சொன்னா. வனேடியம் ஆக்சைடாம். ஆறிக் கெடக்கறப்ப அதுல வனேடியம் அணுவெல்லாம் ரெண்டு ரெண்டா ஜோடி போட்டு நிக்குமாம். எலெக்ட்ரான் அந்த ஜோடிக்குள்ளயே மாட்டிக்கிட்டு நகராதாம், கரண்டு போவாதாம். அறுவத்தெட்டு டிகிரி சூடு ஏறுனா ஜோடி பிரிஞ்சு, மெஷின்ல நட்ட நாத்தாட்டம் சம எடவெளியில வரிசையா நிக்குமாம். ஒடனே கரண்டு ஓடுமாம். ஜன்னல் கண்ணாடியில பூசுனா, அப்படிச் சூடேறுனதும் வெளிச்சத்த விட்டுட்டு வெக்கைய மட்டும் வெளியவே நிறுத்துமாம். ஆனா அறுவத்தெட்டு ரொம்ப ஜாஸ்தியாம், அதுக்குத்தான் கொஞ்சம் டங்ஸ்டன் கலந்து, நம்மூரு வெயிலுக்கே மாறுற மாதிரி பண்ணப் பாக்குறா.

நல்ல விசயந்தான? அந்தம்மா காதுல ஜோடி பிரியிறது மட்டுந்தான் விழுந்துருக்கு. "நல்ல காரியத்துக்கு வந்த எடத்துல இது என்ன பேச்சு. கல்யாணத்துக்கப்பறம் இந்த ஜோடி பிரிக்கிற வேலயெல்லாம் வேணாம், வீட்டோட இருக்கட்டும்"னுச்சு.

எனக்குச் சுருக்குன்னுச்சுங்க. "ஜோடியா நின்னு ஒரு அடி நகராம கெடக்கவா எம்பொண்ணு படிச்சா"ன்னேன். அதோட நிறுத்தியிருக்கலாம். "ஆமா, ஒங்க பையன் வாயத் தொறக்க எத்தன டிகிரி சூடு வேணும்"னும் கேட்டுட்டேன்.

அந்தத் தம்பி சிரிச்சுட்டாருங்க. அந்தச் சிரிப்புதான் வெனையாப் போச்சு. அந்தம்மா அவரு கையப் புடிச்சு இழுத்துக்கிட்டுப் படியெறங்கிடுச்சு.

அடுப்படியில இவ டம்ளர் கழுவிக்கிட்டு நின்னா. அழுவுறாளோன்னு பக்கத்துல போனேன். "அம்மா, நான் சொன்னது ஒனக்குப் புரிஞ்சிருக்கு"ன்னா. அவ்ளோதாங்க சொன்னா. எனக்குத்தான் கண்ணு கலங்கிருச்சு.

சொந்தக்காரங்க இப்ப என்னத்தான் ஏசுறாங்க. ஏசட்டும்... அது சரி, ஒங்களுக்குப் பையன் இருக்கா? என்ன வேல பாக்குறாப்ல? பேசுவாப்லயா?

ஏங்க, எங்க எந்திரிச்சிட்டீங்க? கும்பகோணத்துக்குல்ல டிக்கெட் எடுத்தீங்க... இப்பத்தாங்க வலங்கைமானே வந்துருக்கு.