ஆர்டீலியா அம்மையார் நடத்திய இறுதி ஊர்வலம்

அவைக்குத் தலைமை தாங்கி, சீக்கிரம் முடி என்று என்னைக் கண்ணாலேயே மிரட்டிக்கொண்டிருக்கும் மவுண்ட் நேபோ சபையின் போதகர் எஸ்ரா பிங்க்னி அவர்களே, முன்வரிசையில் விசிறியும் கையுமாக வீற்றிருக்கும் தாய்மார்களே, பகலெல்லாம் பருத்திக் காட்டில் நின்று, வேர்வை காயுமுன் இங்கே வந்து சேர்ந்திருக்கும் பெரியோர்களே, சன்னலில் தொற்றிக்கொண்டிருக்கும் வாலிபச் சிங்கங்களே, நாளை மாவட்ட ஆட்சிக் குழுத் தேர்தலில் நிற்கும் நம் வேட்பாளர், தன் கணவரைச் சாகடித்து நமக்கெல்லாம் வாழ்வளித்த வீராங்கனை திருமதி ஆர்டீலியா பிளெட்சோ அவர்களே, சாகடிக்கப்பட்ட பின்பும் சற்றும் வாடாமல் அவர் அருகில் அமர்ந்து வேர்க்கடலை கொறித்துக்கொண்டிருக்கும் அருமை நண்பர் ஹோசியா அவர்களே, உங்கள் அனைவருக்கும் இந்த லெமுவெல் டாகின்ஸின் பணிவான வணக்கம்.

என் தொழில் என்னவென்று உங்களுக்குத் தெரியும். இந்தப் பீச் க்ரீக் ஊரில் கறுப்பின மக்களுக்குச் சவ அடக்கம் செய்கிறவன் நான் ஒருவன்தான். என்னிடம் வந்தவர்களில் திரும்பி எழுந்து நடந்தவர் ஒரே ஒருவர். அவர்தான் அதோ, கடலைத் தோலை மேடையில் உதிர்த்துக்கொண்டிருக்கிறார். ஹோசியா, போதகர் பார்க்கிறார், கொஞ்சம் கவனியுங்கள்.

அந்தக் கதையைச் சொல்லத்தான் நான் வந்தேன்.

போன ஆண்டுக் கோடைக்காலம் நினைவிருக்கிறதா? கறுப்பர்கள் வாக்களிக்கலாம் என்று வாஷிங்டனில் சட்டம் பிறந்துவிட்டது. ஆனால் வாஷிங்டனில் பிறந்த குழந்தை மிசிசிப்பிக்குத் தவழ்ந்து வருவதற்குள் அதற்கு மீசை முளைத்துவிடும் போலிருந்தது. பெயரைப் பதிவு செய்ய நீதிமன்றத்துக்குத் தனியாகப் போனவர் யார்? மர அறுவை ஆலையில் வேலை பார்த்த தாடியஸ் போனார். மறுநாள் அவருக்கு வேலை இல்லை. தையல்காரம்மா வெர்லீன் போனார். அன்றிரவே அவர் வீட்டுச் சன்னல்கள் நொறுங்கின. சரி, சேர்ந்து போகலாம் என்றால், நம் காவல் தலைவர் ஷெரிப் வெர்னன் ஸ்டப்ஸ் ஒரு புதுச் சட்டத்தைக் கொண்டுவந்து நட்டார். மூன்று பேருக்கு மேல் சேர்ந்து தெருவில் நடந்தால் அது ஊர்வலம். ஊர்வலத்துக்கு அனுமதி வேண்டும். அனுமதி தர வேண்டியவர் ஷெரிப். ஷெரிப் எங்கே? மீன் பிடிக்கப் போயிருக்கிறார். எப்போது வருவார்? மீன் சிக்கியதும் வருவார். அந்த ஆற்றில் மீனே கிடையாது.

சிரிக்கிறீர்கள். அன்று நாம் சிரிக்கவில்லை. தனியாகப் போனால் அடி, சேர்ந்து போனால் சிறை என்று தலையைத் தொங்கப்போட்டபடி இதே மண்டபத்தில் உட்கார்ந்திருந்தோம். அப்போது ஆர்டீலியா அம்மையார் எழுந்தார்.

"அந்தச் சட்டத்தை முழுசா யாராச்சும் படிச்சீங்களா? சவ ஊர்வலத்துக்கு மட்டும் அனுமதி வேணாம்னு போட்டிருக்கு. நம்ம கல்லறைக்குப் போற வழி எது? நீதிமன்றத்து வாசல் வழிதானே? ஒருத்தர் செத்தாப் போதும், எல்லாரும் சேர்ந்து போயிரலாம்" என்றார்.

தாடியஸ் மெதுவாகக் கேட்டார்: "சரிம்மா, யாரு சாகறது?"

"எங்க வீட்டுக்காரர் ரயில்வேலேர்ந்து ஓய்வு பெற்று சும்மாத்தானே இருக்காரு."

ஹோசியா பதறிப்போனார். "ஏம்மா, என்னை ஒரு வார்த்தை கேக்கலயே?"

"சாகப் போறவங்களைக் கேட்டுட்டா சாவு வருது? நல்ல கோட்டு ஒண்ணு எடுத்து வைங்க."

வந்தது அந்த நாள். என்னிடமிருந்த பெட்டிகளிலேயே பெரியதில் ஹோசியாவைப் படுக்க வைத்தோம். அடியில் காற்றுக்குத் துளையிட்டோம். "மெத்தை நல்லாருக்கு லெமுவெல்" என்று பாராட்டினார். அந்தப் பாராட்டுதான் எங்களுக்கு வினையாக முடிந்தது. ஊரே கறுப்பு உடுத்தி, ஒரே அலையாக, ஒரே அணியாக, அழுதபடி அடியெடுத்து நடந்தோம். தெருமுனையில் ஷெரிப் நின்றார். அவர் என்ன செய்தார்? தொப்பியைக் கழற்றினார். கைகாட்டி வண்டிகளை நிறுத்தினார். அதோடு விட்டாரா? தன் காரில் ஏறி, விளக்கைச் சுழலவிட்டு, நமக்கு முன்னால் மெல்ல ஓட்டிக்கொண்டு போனார். மிசிசிப்பி வரலாற்றில் இப்படியொரு மரியாதை நமக்குக் கிடைத்ததுண்டா?

அந்த நேரம் பார்த்து, பெட்டிக்குள்ளிருந்து குறட்டை கிளம்பியது.

சாதாரணக் குறட்டையா அது? சரக்கு ரயில் பாலம் ஏறும் சத்தம். ஷெரிப் காரை நிறுத்தி இறங்கி வந்தார்.

"டேய் லெமுவெல், என்னடா அது சத்தம்?"

"வயித்துக் காத்துங்கய்யா. செத்தாலும் சில பேருக்கு உடனே அடங்காது. கொஞ்சம் தள்ளி நில்லுங்க, எந்தப் பக்கம் வரும்னு சொல்ல முடியாது."

ஷெரிப் நன்றாகவே தள்ளி நின்றார். ஆனால் குறட்டை நிற்கவில்லை. அப்போதுதான் நம் வேட்பாளர் தன் குரலைத் திறந்தார். பெட்டியின் மேல் விழுந்து, "ஐயோ, எத்தனை ராத்திரி என்னைத் தூங்க விடாம அறுத்தீங்களே, இனி அந்தக் குறட்டையை எப்பக் கேப்பேன்" என்று ஒப்பாரி வைத்தார். உள்ளேயிருந்து பதில் போல ஒரு குறட்டை வந்தது. தாய்மார்கள் எல்லோரும் சேர்ந்து அலறினார்கள். உள்ளே அவர் சத்தத்தை ஏற்ற ஏற்ற, வெளியே இவர்களும் ஏற்ற, இரண்டுக்கும் நடுவில் பெட்டி தூக்கிய நாங்கள் சிரிப்பை அடக்கி உடல் குலுங்க, அதைப் பார்த்த ஷெரிப், "பாவம், ரொம்ப நல்ல மனுஷன் போல" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நீதிமன்றப் படிக்கட்டு வந்தது. தோள் வலிக்கிறதென்று பெட்டியை இறக்கினோம். ஆர்டீலியா அம்மையார் மூடியைத் தட்டினார். "எந்திரிங்க, இடம் வந்திருச்சு."

அசைவில்லை. குறட்டையும் நின்றுவிட்டது. மறுபடி தட்டினார். பதிலில்லை. நண்பர்களே, இட்ட துளை போதவில்லையோ, நடிப்பு நிசமாகிவிட்டதோ என்று அவசர அவசரமாக மூடியைத் திறந்தேன். ஹோசியா ஒரு கண்ணைத் திறந்து, "காப்பி இருக்கா?" என்றார்.

ஷெரிப்பின் உதவியாளர் ஒருவர் ஓடிய ஓட்டத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

உள்ளே பதிவு அலுவலர் பர்விஸ் ஹாடக் மேசைக்குப் பின்னால் வெளிறிப்போய் நின்றார். "செத்தவங்க பேரை எல்லாம் பதிய முடியாது" என்றார்.

ஹோசியா கோட்டை நீவிவிட்டுக்கொண்டு நிதானமாகச் சொன்னார்: "ஏங்க, போன தேர்தல்ல வெள்ளைக்காரங்க கல்லறைலேர்ந்து பாதிப் பேர் ஓட்டுப் போட்டதா ஊரே பேசுது. செத்த பிறகும் எங்களுக்கு மட்டும் தனி வரிசையா?"

வாசலில் வேடிக்கை பார்த்த வெள்ளைக்காரர்களே வாய்விட்டுச் சிரித்துவிட்டார்கள். ஷெரிப் மட்டும் சிரிக்கவில்லை. "அனுமதியில்லாம ஊர்வலம் வந்திருக்கீங்க. எல்லாரையும் உள்ள தள்றேன்" என்று சீறினார்.

"தள்ளுங்கய்யா" என்றார் அம்மையார். "ஆனா ஊர்வலத்துக்கு முன்னால விளக்குப் போட்டு வழி நடத்தினது யாருன்னு ஊரே பாத்துச்சு. தலைமை தாங்கினவருக்குத் தண்டனை ரெட்டிப்புன்னு உங்க சட்டத்துலயே இருக்கு."

பர்விஸ் சமாதானம் பேச வந்தார். "இதோ பாரும்மா, நாளைக்கு ஒவ்வொருத்தரா வாங்களேன்."

அப்போது அந்த அம்மையாரின் குரல் தாழ்ந்தது. அவ்வளவு கூச்சலுக்கும் பிறகு அந்தத் தாழ்ந்த குரல்தான் எங்களை உலுக்கியது.

"எம் மகன் ஜார்விஸ் வியட்நாம்ல இருக்கான். அவனைப் படைக்குக் கூப்பிட்டப்ப, நாளைக்கு வா, அப்புறம் வான்னு யாரும் சொல்லலீங்க. இன்னைக்கே வான்னாங்க. போனான். நாங்களும் இன்னைக்கே வந்திருக்கோம்."

கழற்றிய தொப்பி இன்னும் ஷெரிப்பின் கையிலேயே இருந்தது. போடவும் தெரியாமல், வைக்கவும் தெரியாமல் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "பதிஞ்சு தொலை, பர்விஸ்" என்று சொல்லிவிட்டு வெளியேறினார்.

பதிந்தார். கதவடைக்கும் நேரம் வரை, கை ஓயும் வரை பர்விஸ் பதிந்தார். தாடியஸ் பதிந்தார், வெர்லீன் அம்மா பதிந்தார், நானும் பதிந்தேன். அச்சம் நம்மை ஆண்ட ஊரில், அன்று நாம் அருகருகே நின்றோம். அடித்தவர் கை ஓங்கவில்லை, நின்றவர் கால் நடுங்கவில்லை. ஒன்றாய் நின்றவர்களை ஒதுக்க இனி ஒரு சட்டம் பிறக்க முடியுமா? முடியாது என்று நாளை நீங்கள் சொல்ல வேண்டும். வாய்ச் சொல்லால் அல்ல, வாக்குச் சீட்டால் சொல்ல வேண்டும்.

என்ன, பின்வரிசையில்? ஜார்விஸ் என்ன ஆனான் என்று கேட்கிறார்கள். அதோ, தூணருகே கைத்தடியோடு நிற்கிறான். சண்டைக்குப் போனபோது வாக்களிக்கும் வயதில்லை. திரும்பி வந்தான், ஒரு காலை அங்கே விட்டுவிட்டு. போன வாரம் அவனுக்கு இருபத்தொன்று முடிந்தது. மண்டபத்துக்குள் வரும்போது அவனிடம், "தம்பி, நாளைக்கு முதல் ஓட்டு யாருக்கு?" என்று கேட்டேன்.

"அம்மாவுக்குத்தான் மாமா" என்றான். "போட்டியாளர் நல்லவர்னு கூடச் சொல்றாங்க. ஆனா ராத்திரி நான் அந்த வீட்டுக்குத்தானே சாப்பிடப் போகணும்."

பொறுமையோடு கேட்ட பெரியோர்க்கும், விசிறியை நிறுத்திவிட்டுக் கண் துடைத்த தாய்மார்களுக்கும், மணியைப் பார்த்தும் மணியடிக்காத போதகருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. விடியட்டும், வாக்குச் சாவடியில் சந்திப்போம். வணக்கம்.