மாலை போடாத படம்

சீனி போட்டிருக்கு கோபாலசிங்கண்ணை, கலக்கிப்போட்டுக் குடியுங்கோ. பலேர்மோத் தமிழ்ச் சங்கத்தின்ரை பிரெசிடெந்தே நாலு மாடி ஏறி வந்து மூச்சு வாங்கிறதைப் பாக்க எனக்கே பாவமாக் கிடக்கு. கீழை கத்துறது கபோச் சந்தை மீன்காரன், சண்டை இல்லை, பயப்பிடாதேங்கோ. உங்கடை கூட்டத்தோடை பாத்தா அவன் மெல்லமாத் தான் கதைக்கிறான்.

பகிடி பண்ணேல்லை அண்ணை. ஞாயிற்றுக்கிழமை நானும் கண்ணாலை பாத்தனான் தானே. தலைவற்றை படத்தைப் பெரிசா மேசையிலை வைச்சியள். டெனிஸ்டன் மாலையைக் கொண்டுபோய்ப் போட்டான். சுரேஸ் பாய்ஞ்சு போய்க் கழட்டினான். தலைவர் உயிரோடை இருக்கிறார், இருக்கிற மனிசனுக்கு ஆராவது மாலை போட்டு விளக்குக் கொளுத்துவினமோ எண்டு. மற்றவன், சண்டை முடிஞ்சு எத்தினை வருசம், இனியும் விளக்கு வைக்காட்டி அந்த மனிசனுக்கு ஆர் தான் அழுறது எண்டு. இழுத்த இழுவையிலை மாலை பிஞ்சு போச்சு. நான் தான் தும்புத்தடியாலை பூவைக் கூட்டினனான். இந்த நாட்டிலை எங்கை போனாலும் எனக்குக் கூட்டிற வேலை தான்.

இதை நான் பொலிதேயாமாப் பக்கம் வீட்டு வேலைக்குப் போற கிழவிக்கும் சொன்னனான், சிஞ்ஞோரா எமிலியானா. அவவின்ரை மனிசன் செத்துப் போனார், ஆனா அவர் வாங்கி வைச்ச முசோலினியின்ரை வெண்கலத் தலை இன்னும் அலுமாரிக்கு மேலை இருக்கு. நான் தான் தூசு தட்டுறன். அவையின்ரை ஆளைச் சுட்டு, மிலானோவிலை தலைகீழாக் கட்டித் தூக்கினவை, ஊரே பாத்தது. அதாலை இருக்கிறாரோ இல்லையோ எண்டு ஒரு பிரச்சினையும் இல்லை. நல்லவரோ கெட்டவரோ எண்டு தான் இண்டைக்கும் சாப்பாட்டு மேசையிலை சண்டை. உங்களுக்கு அந்தச் சண்டை இல்லையோ எண்டு கிழவி கேட்டா. அதுக்கு முதல் ஆள் செத்தவரோ எண்டு முடிவெடுக்க வேணும் சிஞ்ஞோரா, கூட்டம் போட்டிருக்கினம் எண்டன்.

ஆர், நானோ? நானோ விளக்குக் கொளுத்திறது? ஓகோ, உதுக்குத் தானோ நாலு மாடி ஏறினது. ரெண்டு பக்கமும் சேராத ஆள், போராளியின்ரை தாய், ஆரும் வாய் திறக்க மாட்டினம். நல்ல யோசினை தான். குடியுங்கோ, தேத்தண்ணி ஆறுது.

போராளி எண்டு பெரிசாச் சொல்லாதேங்கோ அண்ணை. ரியூசன் முடிஞ்சு வந்த பிள்ளை. வீட்டுக்கு ஒராள் எண்டு சொல்லி இயக்கக்காரர் வாசல்லை வைச்சு வாகனத்திலை ஏத்தினவை. நான் ரோட்டிலை நிண்டு மண்ணள்ளித் தூத்தினனான், உங்கடை தலைவர் நாசமாப் போக எண்டு. மனசுக்குள்ளை இல்லை, ஊர் கேக்கத் தான் திட்டினனான். இதைச் சுரேசுக்குச் சொல்லிப் போடாதேங்கோ.

அப்ப சந்தோசமாக் கொளுத்தலாம் தானே எண்டு பாக்கிறியள், என்ன? நானும் அப்பிடித் தான் நினைச்சனான். ஞாயிற்றுக்கிழமை அந்தப் படத்திலை மாலையைக் காணுமட்டும் அப்பிடித் தான் நினைச்சனான்.

அந்தச் சுவரிலை இருக்கிற படத்தைப் பாருங்கோ. ஓம், கீர்த்திகன். இப்ப அவனுக்கும் நரை விழத் தொடங்கியிருக்கும். பூ இல்லை, பொட்டு இல்லை, பாத்தியளோ? தூசு மட்டும் தட்டுறன். கடைசிச் சண்டையிலை அவனைக் கண்ட ஆள் ஒருத்தர் சொன்னவர், பெடியைத் தலைவற்றை காவலுக்கு எடுத்தவை, அவரை விட்டு ஒரு அடி அங்காலை போகேல்லை எண்டு. போயிருக்க மாட்டான் அண்ணை. என்ரை பிள்ளை, எனக்குத் தெரியும். ஒராளை நம்பி நிண்டா விட்டிட்டு வாற பழக்கம் அவனுக்கு இல்லை.

ஆனபடியாலை கூட்டத்திலை போய்ச் சொல்லுங்கோ, நாகபூசணி சுரேசின்ரை பக்கம் எண்டு. ஓம், அந்த விசர்ப் பக்கம் தான். நாசமாப் போக எண்டு திட்டின அதே வாயாலை சொல்லுறன், அவர் இருக்கிறார். சுகமா இருக்கட்டும். அவர் இருந்தாத் தானே, பக்கத்திலை காவலுக்கு ஒருத்தன் நிப்பான்.