ஆடாத கார்

— இப்ப ஆடுதோ, அழகர்?

— இல்லீங்கம்மா. முப்பத்தஞ்சு மைலுக்கு மேலதான் ஆடுதுன்னு டொக்டரய்யா சொன்னாரு. முப்பத்தஞ்சு தாண்டியாச்சு. ஸ்டியரிங்கு கோயில் கல்லாட்டம் நிக்குது.

— இன்னும் கொஞ்சம் வேகமா விடுங்கோ.

— ஸ்பிரிங்வெளி ரோட்டுல இதுக்கு மேல விட்டா நாம ரெண்டு பேரும் சரிவுல எறங்கி தேயிலைக் கொழுந்து எடுக்க வேண்டியதுதான். சரி, இந்த நேர் துண்டுல மட்டும் மிதிக்கிறேன். இந்தா, நாப்பத்தஞ்சு. பாத்துக்குங்க. ஆடல.

— நேற்றும் ஆடினது எண்டு இவர் வீட்டில சொன்னவர்.

— எங்கிட்டயும் சொன்னாரு. ஆஸ்பத்திரிக்குப் போற வழியில கராஜுக்கு வந்தே சொல்லிட்டுப் போனாரு. எனக்கு அதுதாங்க கவலை. பொதங்கெழம எம் பொண்டாட்டி மாரியாயி வயித்துக் கட்டிய எடுக்கப் போறது அவருதான். அவள மேசையில படுக்க வெச்ச நேரத்துல, ‘இவ புருசன் ஒரு காரச் சரியாக்கத் தெரியாதவன்’னு அய்யாவுக்கு ஞாபகம் வந்தா நல்லாவா இருக்கும்?

— இவர் அப்பிடி நினைக்கிற ஆள் இல்லை.

— நெனைக்க மாட்டாருதான். பயந்தவன் வாய் எதையாவது சொல்லும். நீங்க கார எடுத்துக்கிட்டு வந்தது அய்யாவுக்குத் தெரியுங்களா?

— இல்லை. ஆஸ்பத்திரி வாட்டில நிற்கிறார். மத்தியானம் வரைக்கும் கார் தேவைப்படாது. நீங்கள் இதில என்னென்ன செய்தனீங்கள் எண்டு ஒண்டும் விடாமல் சொல்லுங்கோ.

— மொதல்ல டயருங்க. முன்னால எடது டயரு புள்ளத்தாச்சி வயிறாட்டம் ஒரு பக்கம் வீங்கிக் கெடந்திச்சு. மாத்தினேன். அப்புறம் வெலிமடைக்குப் போயிட்டு வந்து திரும்ப ஆடுதுன்னாரு. வீலைக் கழட்டினா உள்பக்கம் பூரா கெழங்குத் தோட்டத்துச் சேறு காஞ்சு கட்டியாயிருக்கு. ஒரு பக்கம் பாரம் ஏறினா சக்கரம் குதிக்கத்தானே செய்யும்? சொரண்டிப் போட்டேன். அந்த மண்ண மாரியாயி அள்ளிக்கிட்டுப் போயி மொளகாக் கன்னு வெச்சிட்டா.

— பிறகு?

— தெமோதரைப் பாலத்துக் கல்லுல ஒரசி ரிம்மு கோணியிருந்திச்சு. தட்டி நிமித்தினேன். ஸ்டியரிங்கு கம்பியோட முட்டி தேஞ்சிருந்திச்சு. புதுசு போட்டேன். நட்டெல்லாம் முறுக்கினேன். இனி முன்பக்கம் ஆடுறதுக்கு ஒண்ணுமே இல்லீங்க.

— பின்பக்கம் ஏதும் பழுதா இருக்காதோ?

— பின்பக்கம் கெட்டா ஸ்டியரிங்கு ஆடாதும்மா, சீட்டு ஆடும். அதுக்குத்தான் ஒங்களப் பின்னால ஒக்காரச் சொன்னேன். சீட்டு ஆடுதா?

— இல்லை.

— இந்தா எறக்கம் வருது. பிரேக்க மிதிக்கிறேன். டிரம்மு கோணலா இருந்தா இப்ப காலு வரைக்கும் நடுங்கும். பாத்தீங்களா? தொட்டில்ல போற மாதிரி எறங்குது.

— வேற ஒண்டும் மிச்சம் இல்லையோ? நல்லா யோசிச்சுச் சொல்லுங்கோ.

— என்னாங்கம்மா இது? காரு ஆடலைன்னா எல்லாரும் சந்தோசப்படுவாங்க. நீங்க ஆடணும்னு நேந்துக்கிட்டு வந்த மாதிரில்ல கேக்குறீங்க.

— ஆடினா நல்லது எண்டுதான் வந்தனான்.

— வெளங்கலீங்க.

— ஒருக்கா ஓரமா நிப்பாட்டுங்கோ.

— நிப்பாட்டிட்டேன். இஞ்சினு ஓடுது. நின்ன எடத்துல ஆடினா இஞ்சினுக்கு அடியில இருக்கிற ரப்பரு போச்சுன்னு அர்த்தம். கதவுல கைய வெச்சுப் பாருங்க.

— ஆடேல்லை. இஞ்சினையும் நிப்பாட்டுங்கோ.

— அது எதுக்குங்க?

— இவர் வேலையால வந்தா இஞ்சினை நிப்பாட்டிப்போட்டு, உடனை இறங்காமல் ஸ்டியரிங்கைப் பிடிச்சபடி இருக்கிறவர். முந்தநாள் தேத்தண்ணியோட நான் வெளியில போனனான். ‘வந்து பாரும், இப்பவும் ஆடுது’ எண்டு சொன்னவர்.

— இஞ்சினு நின்ன பொறகா?

— ஓம்.

— செத்த காரு எப்படிங்கம்மா ஆடும்? வேடிக்கைக்குச் சொல்லியிருப்பாரு.

— இவர் வேடிக்கை கதைக்கிறதை நீங்கள் கேட்டிருக்கிறீங்களோ?

— இல்லீங்க. அப்ப அசதியா இருக்கும். எப்பக் கூப்பிட்டாலும் வர்ற மனுசன். எங்க தோட்டத்து லயத்துல பாதிப் புள்ளைங்க அவரு கையில பொறந்ததுங்க. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கிட்டுப் போன்னு கங்காணி எவ்வளவோ சொன்னாரு. மாரியாயி கேக்கல. கைராசிக்காரரு இங்கன இருக்கையில வேற கத்தி எதுக்குன்னுட்டா. குமாரசிங்கம் டொக்டரு கையாலதான் எடுக்கணும்னு மாரியம்மனுக்கு மஞ்சத் துணியில காசு முடிஞ்சு வெச்சிருக்கா.

— முடிஞ்சு வைச்சிட்டாவோ?

— லயமே அப்படித்தாங்க. அவரு தொட்டா பாதி நோவு போயிருமின்னு சொல்லும்.

— அழகர், ஒரு மாசமா இவருக்குச் சட்டைப் பொத்தான் பூட்டிவிடுறது நான்.

— சரிங்கம்மா.

— முதல் அவசரம் எண்டு நினைச்சன். பிறகு தேத்தண்ணிக் கோப்பையைத் தட்டோட தூக்கிறதை விட்டார். காரிலதான் பழுது, அதின்ர உதறல் கையில நிற்குது எண்டு சொன்னார். நானும் நம்பினனான். இண்டைக்கு இது ஒருக்கா ஆடியிருந்தால் இன்னும் நம்பியிருப்பன்.

— அய்யாவுக்குத் தெரியாதுங்களா?

— அவர் காரைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார். அவரோட நான் கதைக்கத்தான் வேணும். புதன்கிழமைக்கு முன்னம் அந்தத் துணிவு எனக்கு வராது.

— வீட்டுக்குத் திருப்பவாங்கம்மா?

— பொறுங்கோ. இது கண்டி மட்டும் ஓடுமோ?

— கொழும்பு வரைக்கும் ஓடும். ஏங்க?

— நாளைக்கு விடிய வெள்ளனவே மாரியாயியை ஏத்திக்கொண்டு கண்டி ஆஸ்பத்திரிக்குப் போங்கோ.

— அவ வரமாட்டாளே. சாமிக்கு முடிஞ்சு வெச்சவ.

— நான் அனுப்பினது எண்டு சொல்லுங்கோ. டொக்டரின்ர மனுசியே அனுப்பினவ எண்டு சொல்லுங்கோ.

— அய்யா வந்து கார எங்கேன்னு கேட்டா?

— அது இன்னும் ஆடுது, அழகர் திருத்தக் கொண்டு போயிட்டார் எண்டு நான் சொல்லுறன்.