பார்த்துவிட்டேன், திற

சுருக்கப்பட்ட இணைய முகவரியைச் சொடுக்குமுன் சோதித்துப் பார்ப்பது கடினமான கலையன்று, காவல் ஆய்வாளர் அவர்களே. அந்த முகவரியோடு ஒரு சிறு சொல்லைச் சேர்த்தால் போதும். அது நம்மை எங்கே இழுத்துச் செல்லவிருக்கிறது என்பதைத் திரை காட்டிவிடும். பார்த்த பின் போகலாம், போகாமலும் இருக்கலாம். இவ்வளவுதான் பாடம்.

விருத்தாசலத்தில் என் பீங்கான் பட்டறையை ஒட்டிய அறையில், இந்த 2009ஆம் ஆண்டு முழுவதும் மாலைதோறும் கட்டணமின்றி இதைக் கற்பித்தேன். மேடைகளில் நான் முழங்கியதும் இதையே. சொன்னவன் யாரென்று பாராதே, சொன்னது என்னவென்று பார். துண்டறிக்கையில் அச்சிட்டேன்; தெருமுனையில் பேசினேன்; கைதட்டினார்கள்; கலைந்துபோய்ச் சாமியாரின் வாசலில் வரிசையாக நின்றார்கள். கணினியாவது அவர்களைத் திருத்தும் என்று நம்பினேன்.

கோவிந்தராசு என் சூளையை எரிப்பவன், என் மாணவனும்கூட. தேர்வுக்காக எல்லோருக்கும் மின்னஞ்சலில் ஒரு சுருக்க முகவரி அனுப்பினேன். அது கொண்டுசேர்த்த பக்கத்தில் 'ஏமாந்தாய்' என்று மட்டும் எழுதி வைத்திருந்தேன். மற்றவர்கள் சோதித்தார்கள். அவன் சொடுக்கினான். மறுவாரமும் சொடுக்கினான்.

"என்னா மாமா, திரும்பவும் பல்பு வாங்கிட்டியா?" என்று உடன் படிக்கும் கலியமூர்த்தி சிரித்தான்.

"அனுப்புனது நம்ம சாருடா. பெத்த அப்பன் போட்ட சோத்த மோந்து பாத்துட்டா திம்பே?"

"அதானே" என்றது அறை. அடுத்த தேர்வில் அனைவருமே சோதிக்காமல் சொடுக்கினார்கள். என்மீதுள்ள மரியாதையாம். எந்த மூடநம்பிக்கையை எதிர்த்து என் தொண்டை கிழிந்ததோ, அது என் முகத்தையே அணிந்துகொண்டு என் வகுப்பில் வந்து உட்கார்ந்திருந்தது.

சூளையருகே கோவிந்தராசு வேறு மனிதன். கதவைத் திறக்குமுன் அதிலுள்ள துளையின் கல்லை உருவி, ஒதுங்கி நின்று, உள்ளே நெருப்பின் நிறத்தைப் பார்ப்பான். பாராமல் திறந்ததேயில்லை. ஆகவே, அவனுக்கு விளங்கும் மொழியில் பாடத்தை நடத்துவதென்று முடிவு செய்தேன்.

அன்று காலை அவன் வருமுன், உள்ளே இன்னும் கனன்றுகொண்டிருந்த சூளையின் காற்றூதியை நிறுத்திவிட்டு, எண்ணெயை மட்டும் உள்ளே விட்டேன். பிறகு அதையும் மூடினேன். எரியாத எண்ணெய்ப் புகை உள்ளே நிறைந்து, காற்றுக்காகக் காத்திருந்தது. அவன் வந்து கல்லில் கைவைத்தான்.

"ஆறிடுச்சிங்களா சார்?"

"பார்த்துவிட்டேன், திற."

கையை எடுத்துக்கொண்டான். தாழை நீக்கும்வரை அவனைத் தடுக்க எனக்கு நேரம் இருந்தது. ஆனால், தேர்வின் நடுவே விடையைச் சொல்வது ஆசிரியருக்கு அழகன்று.

நெருப்பு கதவளவுக்கு வெளியே வந்தது. முதலில் முகம் போயிற்று. சட்டை தோலோடு ஒட்டியது. நான் அதை இழுத்தபோது தோல் சட்டையோடு வந்தது. "தள்ளிப் போங்க சார்" என்றான். என்னிடம் அவன் சொன்ன கடைசிச் சொற்கள் அவை.

மருத்துவமனையில் மனைவி வீராயியிடம், "சார் சரியாப் பாக்கல போலருக்குது. அவர ஒண்ணும் கேக்காதீங்க" என்று கூறிவிட்டு இறந்தான். அதை நம்பி நீங்களும் விபத்து என்று எழுதிவிட்டீர்கள். சொன்னவன் சாகக் கிடந்தான் என்பதற்காக, சொன்னதைச் சோதிக்காமல் விட்டீர்கள். திருத்துங்கள். அறிவழகன் ஆகிய நான், அறிந்தே அவனை எரித்தேன்.

நேற்று மாலை வகுப்பில் அனைத்தையும் விளக்கிச் சொன்னேன். பிறகு ஒரு சுருக்க முகவரி அனுப்பினேன். ஒருவரும் சொடுக்கவில்லை. ஒருவரும் சோதிக்கவுமில்லை. ஒருவரும் அசையவேயில்லை. கலியமூர்த்தி மட்டும், சுட்டியிலிருந்து கையை வெடுக்கென எடுத்துக்கொண்டு, "இத என்னா செய்யணும், நீங்களே சொல்லுங்க சார். நீங்க சொல்றத அப்புடியே செய்யறோம் சார்" என்றான்.

எவ்வளவு தெளிவான கேள்வி! இல்லை, வியப்பதற்கு ஒன்றுமில்லை. யாருக்கும் அஞ்சாமல், எதையும் ஆராய்ந்தே ஏற்கும் தலைமுறை ஒன்று என் அறையில் பிறந்துவிட்டது, ஆய்வாளர் அவர்களே.