பத்து செகண்டு

காரைக்காலிலிருந்து கோட்டுச்சேரிக்குப் போகும் பஸ்ஸில், என் முன் சீட்டில் மடியில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்த பெண் பக்கத்திலிருந்த கணவரிடம் கேட்டாள்:

"பத்து செகண்டு பொறுக்க முடியலயா மச்சான் உங்களால?"

"ஆன் பண்ணும்போதெல்லாம் விண்டோஸா லினக்ஸான்னு கேட்டு அந்தக் கறுப்பு மெனு வந்து நிக்குது. வீடியோ பாத்து அது நிக்குற நேரத்தை ஜீரோவாக்கி, நேரா விண்டோஸ் வர்ற மாதிரி வச்சேன். வேற எதையும் தொடல."

"அந்த மெனுலதான் நான் லினக்ஸ் எடுப்பேன். என் ஆராய்ச்சி மொத்தமும் அதுலதான் இருக்கு. இன்னிக்கு கைடு முன்னாடி தொறந்தா மெனுவே வரல. மூணு வருஷமா என்ன செஞ்சேன்னு கேக்குறாரு. லேப்டாப்பை மூடிட்டு வந்துட்டேன்."

"எல்லாம் அழிஞ்சு போச்சா?"

"அழியல. மாத்துனதை எங்கிட்ட சொல்லியிருந்தா அங்கேயே எடுத்துக் காட்டியிருப்பேன்."

எஸ்கேப் விசையைத் தட்டியபடி லேப்டாப்பை மறுபடி போட்டாள். மெனு வந்தது. லினக்ஸுக்குள் போய் ஜீரோவைப் பத்தாக்கினாள். அதன் பிறகும் தட்டச்சு செய்துகொண்டே இருந்தாள்.

"இன்னும் என்ன பண்றே?"

"அந்த மெனுவைக் காட்டுற பூட்லோடருக்குப் பாஸ்வேர்டு போடுறேன். இனி அது இல்லாம லினக்ஸ் தொறக்காது."

"எனக்குச் சொல்லுவியா?"

"உங்களுக்காகத்தான் போடுறேன்."