இஞ்சின் தூக்கம்

சித்தூரிலிருந்து பாலக்காடு போகும் காலை பஸ். எனக்கு முன் சீட்டில் இரண்டு விவசாயிகள். ஜன்னலோரம் இருந்தவர் கண் சிவந்து, கொட்டாவி மேல் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்.

“கெணத்துல டீசல் இஞ்சின் இருந்த வரைக்கும் நல்லாத் தூங்குனேனுங்க,” என்றார். அந்த இரைச்சலில் ஒரு மனுஷன் தூங்குவானா? என் காது அந்தப் பக்கம் போயிற்று.

மற்றவர் கேட்டார்: “ஏனுங்க, கரண்டு மோட்டார் வெச்சா செலவு பாதிதானாமா? நானும் கரண்டு கனெக்‌ஷனுக்கு எழுதிக் குடுக்கலாம்னு இருக்கறனுங்க.”

“செலவு கம்மிதானுங்க. டீசல் வேண்டாம், கேனைத் தூக்கிட்டு அலைய வேண்டாம். ஆனா கரண்டு ராத்திரியிலதான் ஒழுங்கா வருது. வோல்டேஜ் எறங்குனா மோட்டாரோட காயில் எரிஞ்சு போயிருமுங்க. ஒருக்கா எரிஞ்சா மிச்சம் புடிச்சதெல்லாம் அதுக்கே போயிரும்.”

“அதுக்குத் தூங்காம இருக்கோணுமா?”

“இஞ்சின் ஓடுற சத்தம் ஊடு வரைக்கும் கேக்குமுங்க. சத்தம் இருந்தாத் தண்ணி பாயுதுன்னு தூங்குவேன். நின்னாத் தானா முழிப்பு வந்துரும். மோட்டாருக்கு ஏதுங்க அந்தச் சத்தம்? விடிய விடியக் கெணத்து மேட்டுலயே உக்காந்துக்கறேன். இப்ப ஊட்டுல எல்லாரும் நல்லாத் தூங்கறாங்க, என்னையத் தவுத்து.”

மற்றவர் பதில் சொல்வதற்குள் அவர் ஜன்னல் கம்பியில் சாய்ந்து தூங்கிவிட்டார். பஸ்ஸின் இரைச்சலில் குறட்டைகூடக் கேட்கவில்லை. வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தது. டிரைவர் இஞ்சினை அணைத்தார்.

அவர் திடுக்கிட்டு எழுந்தார்.

“தண்ணி நின்னு போச்சுங்களா?”